150 லோரா சென்சார், ஒரே கேட்வே: பத்துக்கு நாலு செய்தி வந்து சேர்வதில்லை

#1 தொட்டிக்காவலன்

வணக்கம். நான் பார்த்துக்கொள்ளும் வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிகள், தரைக்கடித் தொட்டிகள், மோட்டார் அறைகள் என்று எல்லாவற்றிலும் நீர்மட்ட சென்சார் போட்டிருக்கிறோம். மொத்தம் 150. எல்லாம் லோராவான் (குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்திகளைத் தொலைவுக்கு அனுப்பும் ரேடியோ முறை), 868 மெகாஹெர்ட்ஸ் பட்டை. செய்திகளை வாங்கி சர்வருக்குக் கொடுக்கும் கேட்வே ஒன்றுதான்: 8 சேனல், 15 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா. எல்லாவற்றிலும் தொலைவான தொட்டி இரண்டரை கிலோமீட்டர் இருக்கும்.

நிறுவிக் கொடுத்தவர்கள் வைத்த அமைப்பு இது: எல்லா நோடும் (சென்சார் கருவி) எஸ்எஃப் 12 (ஸ்ப்ரெடிங் ஃபாக்டர்; 7 முதல் 12 வரை, ஏற ஏறத் தூரம் கூடும், வேகம் குறையும்), பவர் 14 டி.பி.எம்., ஏ.டி.ஆர். (எஸ்எஃப்-பை சர்வர் தானாகச் சரிசெய்யும் வசதி) அணைக்கப்பட்டது, 5 நிமிடத்துக்கு ஒரு செய்தி, 10 பைட் பேலோடு (செய்தியின் உள்ளடக்கம்), 'கன்ஃபர்ம்டு' வகை (அதாவது ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஒப்புகை அனுப்ப வேண்டும்). சேனல் பட்டியலில் தொழிற்சாலையில் வந்த 3 சேனல் மட்டும்.

முதலில் 30 சென்சார் இருந்தபோது பிரச்சினை எதுவும் கண்ணில் படவில்லை. 150 ஆனதும் கிட்டத்தட்ட 40 சதவீதச் செய்திகள் காணாமல் போகின்றன. வேடிக்கை என்னவென்றால், கேட்வேக்கு நேர் கீழே உள்ள தொட்டி -80 டி.பி.எம்.மில் (நல்ல பலமான சிக்னல்) வருகிறது, அதிலிருந்தும் செய்திகள் தொலைகின்றன. நிறுவியவர்களைக் கேட்டால் இரண்டாவது கேட்வேயும் பெரிய ஆன்டெனாவும் வாங்கச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு என்.பி. ஐஓடி (மொபைல் நிறுவனங்களின் சென்சார் நெட்வொர்க்) சிம்முக்குப் போகலாம் என்கிறார். செலவு செய்யும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

#2 கம்பிமேல்காகம்

ஆன்டெனாவை இன்னும் மேலே ஏற்றுங்கள் நண்பரே. 15 மீட்டர் போதாது. லோராவில் உயரம்தான் எல்லாம்.

#3 அலைநீளம்

ஆன்டெனாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கேட்வேக்குக் கீழே இருக்கும் தொட்டியே தொலைகிறது என்றால் சிக்னல் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. காற்றில் இடம் போதவில்லை.

கணக்கு இதோ. 10 பைட் பேலோடோடு லோராவானின் தலைப்பு, சரிபார்ப்புக் குறி எல்லாம் சேர்த்து 13 பைட் கூடும். ஆக 23 பைட். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இதை எஸ்எஃப் 7-ல் அனுப்ப 61.7 மில்லிவினாடி ஆகும். எஸ்எஃப் 12-ல் 1,483 மில்லிவினாடி. அதே செய்திக்கு 24 மடங்கு நேரம்.

150 சென்சார், மணிக்கு 12 முறை: 1,800 செய்தி. ஒவ்வொன்றும் 1.483 வினாடி என்றால் ஏறத்தாழ 2,670 வினாடி. ஒரு மணி நேரத்தில் இருப்பதே 3,600 வினாடிதான். அதை மூன்று சேனலுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு சேனலும் கால்வாசி நேரம் நிரம்பியிருக்கிறது.

கால்வாசிதானே, முக்கால்வாசி காலியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் லோராவான் நோடுகள் யாரையும் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. தூக்கத்திலிருந்து எழும், பேசும், திரும்பத் தூங்கும். 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட்டில் ஓடிய அதே முறை. அந்த முறையில் சேனலின் சுமை (நிரம்பியிருக்கும் நேரத்தின் பங்கு) G என்றால் ஒரு செய்தி மோதாமல் தப்பும் வாய்ப்பு e-யின் அடுக்கு -2G. உங்கள் G சுமார் 0.247. விடை 0.61. பத்துக்கு நாலு போகிறது என்றீர்களே, காகிதத்திலும் அதே கணக்குதான் வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நோடுகளில் ஒன்றுகூட விதியை மீறவில்லை. ஐரோப்பிய விதிப்படி அந்த மூன்று சேனல் இருக்கும் துண்டில் ஒரு கருவி 1 சதவீத நேரம், மணிக்கு 36 வினாடி, பேசலாம். உங்களுடையது 17.8 வினாடிதான் பேசுகிறது. ஒவ்வொன்றும் ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. 150 சேர்ந்ததும் சந்தை இரைச்சல்.

இதையே எஸ்எஃப் 7-ல் ஓட்டினால் மொத்தமே 111 வினாடி. G 0.01. நூற்றுக்கு 98 தப்பும்.

#4 தொட்டிக்காவலன்

விளக்கத்துக்கு நன்றி சார். ஆனால் மோதினாலும் பலமான சிக்னல் பிழைத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். பக்கத்துத் தொட்டி -80, மற்றவை -110-க்குக் கீழே. அப்படியானால் அது எப்படித் தொலைகிறது?

#5 நிலா_ஃபர்ம்வேர்

நல்ல கேள்வி. பிழைக்கும் என்பது சரிதான். ஒரே சேனல், ஒரே எஸ்எஃப்-பில் இரண்டு மோதினால் சுமார் 6 டி.பி. கூடுதலாக இருப்பது பெரும்பாலும் தப்பித்துவிடும். உங்கள் பக்கத்துத் தொட்டியைக் கொல்வது மற்ற தொட்டிகள் இல்லை, கேட்வேயேதான்.

கேட்வே அரை-டூப்ளெக்ஸ். அது பேசும்போது அதற்குக் காது கேட்காது. 8 சேனலும் ஒரே நேரத்தில் செவிடு. நீங்கள் கன்ஃபர்ம்டு வைத்திருப்பதால் ஒவ்வொரு செய்திக்கும் அது வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. எஸ்எஃப் 12-ல் பேலோடே இல்லாத ஒரு வெறும் ஒப்புகைக்கு ஏறத்தாழ 1 வினாடி.

கேட்வேக்கும் அதே நேரக் கட்டுப்பாடு உண்டு. நோடு பேசி முடித்ததும் பதிலுக்காகக் காது கொடுக்கும் இரண்டு சிறு இடைவெளிகளை ரிசீவ் விண்டோ என்பார்கள். முதல் விண்டோவின் சேனல்களில் 1 சதவீதம், அதாவது மணிக்கு 36 ஒப்புகை. இரண்டாவது விண்டோ 869.525 மெகாஹெர்ட்ஸ், அங்கே 10 சதவீதம் அனுமதி, சுமார் 360 ஒப்புகை. ஆக எப்படி முயன்றாலும் மணிக்கு 400-க்குள். உங்களுக்குத் தேவை 1,800.

மிச்சமுள்ள 1,400 செய்திகளுக்கு ஒப்புகை வராது. வராவிட்டால் நோடுகள் சும்மா இருக்குமா? திரும்ப அனுப்பும். பல ஃபர்ம்வேர்கள் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) 8 முறை வரை அனுப்பும். அலைநீளம் போட்ட கணக்கில் இந்த மறுமுயற்சிகள் எதுவும் சேரவே இல்லை.

அப்புறம் அந்த 400 ஒப்புகைகள். ஒவ்வொன்றும் 1 வினாடி, உங்கள் அப்லிங்க் (நோடு கேட்வேக்கு அனுப்பும் செய்தி) ஒன்றரை வினாடி. இரண்டும் எங்காவது ஒரு நுனியில் தொட்டாலும் அப்லிங்க் போச்சு. ஒரு மணியில் 400 தடவை இரண்டரை வினாடி என்றால் ஆயிரம் வினாடி. நாலு முயற்சியில் ஒன்றுக்குமேல், சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும், கேட்வே பேசிக்கொண்டிருக்கும்போது போய் விழுகிறது.

நீர்மட்டத்துக்கு எதற்கு ஒப்புகை? ஒரு அளவு தொலைந்தால் 5 நிமிடத்தில் அடுத்தது வரப்போகிறது.

#6 கம்பிமேல்காகம்

சரி, கணக்கு புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் எஸ்எஃப் 7 ஆக்கினால் தூரத்துத் தொட்டி விழுந்துவிடாதா? லோராவை வாங்குவதே தூரத்துக்குத்தானே! பலூனில் 25 மில்லிவாட் வைத்து 700 கிலோமீட்டருக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். எஸ்எஃப் 12 இல்லாமல் அந்தத் தூரம் வராது.

#7 அலைநீளம்

அந்த 700 கிலோமீட்டர் எப்படி வந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

14 டி.பி.எம்.மில் அனுப்புகிறோம். எஸ்எஃப் 12-ல் பழைய எஸ்.எக்ஸ். 1276 சிப் -137 டி.பி.எம். வரை கேட்கும். இடையில் 151 டி.பி. இழக்கலாம். 868 மெகாஹெர்ட்ஸில் தடையே இல்லாத வெளியில் முதல் கிலோமீட்டருக்கு 91 டி.பி. இழப்பு, தூரம் பத்து மடங்கானால் 20 டி.பி. கூடும். 151-ல் நிற்கும் தூரம் சுமார் 1,000 கிலோமீட்டர்! சிப்புக்கு எப்போதுமே அந்தத் தெம்பு இருக்கிறது. தடுப்பது பூமியின் வளைவும் வழியில் நிற்கும் கட்டடமும் மரமும்தான்.

ரேடியோ அடிவானத்துக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலம் பெருக்கல் 4.12, விடை கிலோமீட்டரில். 30 கிலோமீட்டர் உயரப் பலூனுக்கு 713 கிலோமீட்டர். பலூன் சாதனைகள் ஏன் அந்த எண்ணைச் சுற்றியே வருகின்றன என்று இப்போது தெரிகிறதா? 15 மீட்டர் ஆன்டெனாவுக்கும் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் சென்சாருக்கும் சேர்த்து 20 கிலோமீட்டர். இவருக்கு வேண்டியது இரண்டரை.

எஸ்எஃப் ஒரு படி ஏற ஏற ஒவ்வொரு சிம்பலின் நேரமும் இரட்டிக்கும். அதற்குக் கிடைக்கும் லாபம் படிக்கு 2.5 டி.பி. 7-லிருந்து 12-க்குப் போனால் 12.5 டி.பி. லாபம், 24 மடங்கு ஏர்டைம் (காற்றில் இருக்கும் நேரம்) செலவு. மோசமான பேரம். அதே 12 டி.பி.யை ஆன்டெனாவைச் சரியான இடத்தில் வைத்தே பல நேரம் எடுத்துவிடலாம். உயரம் முக்கியம் என்று நீங்கள் சொன்னது தப்பே இல்லை, இந்த நோய்க்கு மருந்து அது இல்லை, அவ்வளவுதான்.

#8 கம்பிமேல்காகம்

உயரம் பற்றி ஒன்று சேர்த்துவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். நேராகக் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே அலைக்கு ஒரு நீள்வட்டமான இடம் வேண்டும், ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 868-ல் 2 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் 13 மீட்டர். 5 கிலோமீட்டருக்கு 21 மீட்டர். அதில் 60 சதவீதமாவது மரம், கூரை எதுவும் நுழையாமல் இருக்க வேண்டும். தரையில் கிடக்கும் சென்சாருக்கு அது ஒருநாளும் கிடைக்காது. அதனால்தான் டேட்டாஷீட்டில் 15 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், களத்தில் நெரிசலான இடத்தில் 2 கிலோமீட்டர்கூடத் தள்ளாடும்.

இன்னொரு விஷயம். தொட்டி இரும்பு மூடி போட்டதாக இருந்து சென்சாரின் ஆன்டெனா மூடிக்குள்ளே இருந்தால், எஸ்எஃப் 12 என்ன, எதுவுமே காப்பாற்றாது. ஆன்டெனாவை வெளியே எடுங்கள்.

#9 நுனிப்புல்

அமெரிக்க 915 பட்டையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இந்த வடிவில் வராது. அங்கே ஒரு செய்தி 400 மில்லிவினாடிக்கு மேல் காற்றில் இருக்கக் கூடாது. அதனால் 125 கிலோஹெர்ட்ஸ் அப்லிங்குக்கு எஸ்எஃப் 10 வரைதான், அதிலும் பேலோடு 11 பைட்டோடு சரி. ஆனால் அங்கே வேறு தலைவலி. நோடு 64 சேனலில் குதிக்கும், 8 சேனல் கேட்வே அதில் எட்டில்தான் காது வைத்திருக்கும். சப்-பேண்டை (நோடும் கேட்வேயும் பேசும் அதே எட்டு சேனலை) சரியாக அமைக்காதவர்கள் எட்டில் ஏழு செய்தியைத் தொலைத்துவிட்டு ஆன்டெனாவைத் திட்டுவார்கள்.

#10 சிம்கார்டு_சித்தன்

என்.பி. ஐஓடி பற்றி யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். இந்த அலோஹா கூத்தெல்லாம் அங்கே இல்லை. 2016-ல் 3ஜிபிபி (மொபைல் தரங்களை வகுக்கும் அமைப்பு) வெளியீடு 13-ல் வந்தது. உரிமம் பெற்ற அலைவரிசை, 180 கிலோஹெர்ட்ஸ், யார் எப்போது பேசுவது என்று அடிநிலையம் நேரம் ஒதுக்கிக் கொடுக்கும். இழப்பைத் தாங்கும் அளவு 164 டி.பி., லோராவைவிட 10 டி.பி.க்கு மேல் கூடுதல். அடித்தளத்தில் இருக்கும் மீட்டரும் பேசும். கேட்வே பராமரிப்பு, மின்னல், கேட்வேக்கு இணையம் எதுவும் உங்கள் கவலை இல்லை. 150 சென்சார்தானே, மாறிவிடுங்கள்.

#11 நிலா_ஃபர்ம்வேர்

சித்தன் சொன்னதில் தொழில்நுட்பம் முழுக்கச் சரி. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான மீட்டர் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஒரே வளாகத்தில் 150 என்றால் என் வாக்கு லோராவானுக்குத்தான். காரணம் ரேடியோ இல்லை, உரிமை. வேறொருவர் நெட்வொர்க்கில் ஏறினால் அவர் இறங்கு என்கிற அன்று இறங்க வேண்டும். ஜப்பானில் என்.டி.டி. டோகோமோ 2020-லேயே என்.பி. ஐஓடி சேவையை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. 2025-ன் முதல் காலாண்டில் மூடியது. இதே போன்ற சென்சார் நெட்வொர்க் நடத்திய சிக்ஃபாக்ஸ் 2022 ஜனவரியில் திவால் பாதுகாப்புக்குப் போய், யூனாபிஸ் என்ற நிறுவனம் வாங்கிக் காப்பாற்றியது. பத்து வருட பேட்டரி என்று சென்சார் வாங்கிவிட்டு நெட்வொர்க் ஐந்து வருடத்தில் போனால் என்ன செய்வது?

லோராவானில் சர்வரை நாமே ஓட்டலாம், சர்ப்ஸ்டாக் என்ற சர்வர் மென்பொருள் திறமூலம். கேட்வே பழுதானால் வேறு நிறுவனத்துடையதை மாட்டலாம். ஆனால் ரேடியோ சிப் தொழில்நுட்பம் செம்டெக் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். 2012-ல் பிரெஞ்சு நிறுவனம் சைக்லியோவை வாங்கியதோடு அது அவர்களிடம் வந்தது. அதனால் முழுச் சுதந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

#12 சிம்கார்டு_சித்தன்

நியாயம். ஆனால் சொந்த கேட்வே என்றால் நள்ளிரவில் அது செத்தால் எழுந்து போவதும் நாம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#13 ஓம்விதி

பேட்டரி பேச்சு வந்ததால் நுழைகிறேன். எஸ்எஃப் 12 சேனலை மட்டும் தின்னவில்லை.

அனுப்பும்போது 40 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு செய்தி அனுப்பும் நோடு எஸ்எஃப் 12-ல் வருடத்துக்குச் சுமார் 145 மில்லிஆம்பியர்-மணி செலவழிக்கும். எஸ்எஃப் 7-ல் 6. தூக்கத்தில் 5 மைக்ரோஆம்பியர் என்றால் வருடத்துக்கு 44. அதாவது எஸ்எஃப் 7-ல் பேசுவதைவிடத் தூங்குவதற்குத்தான் அதிகம் செலவாகிறது. எஸ்எஃப் 12-ல் தலைகீழ். இவருடைய நோடு மணிக்கு 12 முறை பேசுகிறது. 145 பெருக்கல் 12 என்றால் 1,740, அதுவும் மறுமுயற்சி சேர்க்காமல். ஏஏ அளவு லித்தியம் தயோனைல் குளோரைடு செல்லின் கொள்ளளவு சுமார் 2,400. ஒன்றரை வருடம்கூடத் தாங்காது.

அந்தச் செல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. நெடுநாள் சும்மா இருந்தால் உள்ளே ஒரு படலம் படியும், திடீரென்று பெரிய மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். கூடவே ஒரு கெபாசிட்டர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேட்டரி நிறைந்திருக்கும்போதே நோடு ரீசெட் ஆகும்.

வீட்டில் ஆர்டுயினோ வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போர்டில் இருக்கும் ஏ.எம்.எஸ். 1117 ரெகுலேட்டர் எதுவும் செய்யாமலே 5 மில்லிஆம்பியர் குடிக்கும். 2,400 செல் 20 நாளில் காலி. எஸ்எஃப் பற்றி யோசிக்கும் முன் அதைப் பிடுங்குங்கள்.

#14 தொட்டிக்காவலன்

எல்லோருக்கும் நன்றி. ஆக: ஏ.டி.ஆர். போடு, கன்ஃபர்ம்டு எடு, 8 சேனலும் திற. சரிதானே? பேலோடை 10-லிருந்து 3 பைட்டாகக் குறைக்கவும் முடியும், நீர்மட்டமும் பேட்டரியும் மட்டும் போதும்.

#15 அலைநீளம்

பேலோடைக் குறைப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 13 பைட் தலைப்பும் முன்னோட்டச் சிம்பல்களும் எப்படியும் போகும். எஸ்எஃப் 12-ல் 10 பைட்டுக்கு 1.48 வினாடி, 3 பைட்டுக்கு 1.32. செய்யுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்பதைக் குறைப்பதுதான் நேரடி லாபம். நீர்மட்டம் குறிப்பிட்ட அளவு மாறினால் அனுப்பு, மாறாவிட்டால் மணிக்கு ஒன்று அனுப்பி உயிரோடு இருக்கிறேன் என்று சொல், போதும்.

8 சேனலுக்கு நோடுகளைத் தொட வேண்டாம். சர்வரில் கூடுதல் 5 சேனலை அமைத்துவிட்டால், நோடு அடுத்த முறை ஜாயின் ஆகும்போது (நெட்வொர்க்கில் சேரும்போது) அந்த ஒப்புதல் செய்தியிலேயே பட்டியல் போய்விடும். மூன்றும் ஐந்தும் எட்டு. அந்த ஐந்தும் 867-ல் தனித் துண்டு என்பதால் கேட்வேக்கும் பேசுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

#16 கம்பிமேல்காகம்

ஏ.டி.ஆர்.-ஐ நம்பி ஒரேயடியாக விடாதீர்கள். சர்வர் கடந்த சில செய்திகளின் சிறந்த எஸ்.என்.ஆர்.-ஐ (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு) பார்த்து எஸ்எஃப்-பைக் குறைக்கும். நல்ல நாளில் பார்த்துவிட்டு 7-க்கு இறக்கிவிடும். மறுநாள் தொட்டிக்கு முன்னால் ஒரு லாரி நின்றால் போயிற்று. பதில் வராமல் நோடு தானாக எஸ்எஃப்-பை ஏற்ற ஆரம்பிக்க முதலில் 64 செய்தி, பிறகு 32 செய்தி காத்திருக்கும். மணிக்கு ஒன்று அனுப்பும் நோடு என்றால் 4 நாள் குருடு!

என் வழி: தூரத்தில் உள்ளவற்றைக் கையால் எஸ்எஃப் 10-ல் பூட்டு, பக்கத்தில் உள்ளவற்றை 7-ல் பூட்டு. முடிந்தது.

#17 அலைநீளம்

அதற்குத்தான் ஏ.டி.ஆர்.-ல் ஒரு ஓரம் (தேவைக்கு மேல் கைவசம் வைக்கும் டி.பி.) விடுகிறோம், வழக்கமாக 10 டி.பி. தூரத்துத் தொட்டியின் எஸ்.என்.ஆர். -5 என்றால், எஸ்எஃப் 7 -7.5 வரைதான் தாங்கும், ஓரம் போதாது. எஸ்எஃப் 10 -15 வரை தாங்கும், சரியாகப் 10 இருக்கிறது, சர்வர் அங்கேயே நிறுத்தும். நீங்கள் கையால் பூட்டச் சொன்ன அதே எண். 150 நோடுக்கு யார் உட்கார்ந்து கையால் பூட்டுவது? புதுக் கட்டடம் வந்தால் திரும்பப் பூட்டுவது யார்? லாரி பயம் இருந்தால் ஓரத்தை 15 ஆக்குங்கள்.

நகரும் பொருளில், வண்டி, மாடு போன்றவற்றில், ஏ.டி.ஆர். வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தொட்டி எங்கும் போகாது.

#18 கம்பிமேல்காகம்

கையால் பூட்டியது நடுராத்திரி தானாக மாறாது. நான் என் கட்சியிலேயே இருக்கிறேன் 🙂

#19 தொட்டிக்காவலன்

இன்னொரு கேள்வி. தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்த வேண்டும். அதையும் இதிலேயே செய்யலாமா?

#20 நிலா_ஃபர்ம்வேர்

சென்சாரெல்லாம் கிளாஸ் ஏ. அது பேசிய 1 வினாடி கழித்து ஒரு விண்டோ, 2 வினாடி கழித்து இன்னொரு விண்டோ, அப்புறம் தூங்கிவிடும். நீங்கள் அனுப்பும் கட்டளை அது அடுத்து எழும்வரை சர்வரில் வரிசையில் நிற்கும். மோட்டார் அறையில் மின்சாரம் இருக்குமே, அங்கே கிளாஸ் சி கட்டுப்படுத்தி வையுங்கள், அது எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கட்டளைகளுக்கு மட்டும் கன்ஃபர்ம்டு வைத்துக்கொள்ளலாம், எண்ணிக்கை குறைவுதானே.

ஆனால் வழிந்தோடினால் சேதம் என்கிற இடத்தில் மிதவை சுவிட்சைக் கழற்றாதீர்கள். உரிமம் இல்லாத பட்டையில் எந்தச் செய்திக்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரேடியோ கட்டளை வசதிக்கு, சுவிட்ச் பாதுகாப்புக்கு.

#21 தொட்டிக்காவலன்

மாற்றிவிட்டேன். அமைப்பை மாற்றும் கட்டளையை டவுன்லிங்காகவே (கேட்வேயிலிருந்து நோடுக்குப் போகும் செய்தியாக) அனுப்பினேன். கேட்வே ஒப்புகை அனுப்புவதிலேயே மூழ்கியிருந்ததால் ஆரம்பத்தில் இழுத்தது. பக்கத்துத் தொட்டிகளின் கன்ஃபர்ம்டை முதலில் அணைத்ததும் மற்றவற்றுக்கு வழி கிடைத்தது. இப்போது பெரும்பாலானவை எஸ்எஃப் 7, 8. ஓரத்தில் சில மட்டும் 10. இழப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு. இரண்டாவது கேட்வே வாங்கவில்லை.

ஆனால் நேற்று மின்சாரம் போய் வந்தது. மோட்டார் அறை நோடுகள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. வந்ததும் அரை மணி நேரம் ஒன்றுகூட ஜாயின் ஆகவில்லை, அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு மட்டும் இன்னும் வரவில்லை.

#22 நிலா_ஃபர்ம்வேர்

இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

முதலாவது, எல்லாம் ஒரே நொடியில் எழுந்து ஒரே நொடியில் ஜாயின் கேட்கின்றன. மோதுகின்றன, ஒரே இடைவெளி விட்டு மறுபடி ஒன்றாகக் கேட்கின்றன. ஃபர்ம்வேரில் எழுந்ததும் சில நிமிடங்களுக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருக்கும்படி தற்செயல் தாமதம் வையுங்கள், ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் இடைவெளியை நீட்டுங்கள். 5 நிமிடச் செய்திக்கும் சில வினாடி முன்பின் ஆட்டம் கொடுங்கள்.

இரண்டாவது, வராத அந்த இரண்டின் சர்வர் பதிவைப் பாருங்கள். டெவ்நான்ஸ் (ஜாயின் கேட்கும்போது நோடு அனுப்பும் எண்) ஏற்கெனவே பயன்பட்டது என்று எழுதியிருக்கும் என்பது என் ஊகம். லோராவான் 1.0.4-லிருந்து அந்த எண் ஒவ்வொரு ஜாயினுக்கும் ஏறிக்கொண்டே போக வேண்டும். நோடு அதை ஃபிளாஷில் சேமிக்காமல், மின்சாரம் போய் வந்ததும் மறுபடி 0-விலிருந்து ஆரம்பித்தால், சர்வர் பழைய செய்தியை யாரோ திரும்ப ஓட்டுகிறார்கள் என்று நினைத்துத் தள்ளிவிடும். பழைய எண்ணைத் தாண்டும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

#23 தொட்டிக்காவலன்

அதேதான் எழுதியிருக்கிறது! சர்வரில் அந்தச் சரிபார்ப்பை அணைக்கும் வசதி ஒன்று கண்ணில் படுகிறது. அணைக்கட்டுமா?

#24 நிலா_ஃபர்ம்வேர்

வேண்டாம். அந்த இரண்டு நோடுக்கும் மட்டும் சர்வரில் டெவ்நான்ஸ் பதிவை அழித்துவிடுங்கள், உடனே வந்துவிடும். ஃபர்ம்வேர் தயாரிப்பாளரிடம் எண்ணைச் சேமிக்கும் பதிப்பு கேளுங்கள். அதுவரை அடுத்த மின்வெட்டுக்கும் இதே வேலைதான்.

#25 ஓம்விதி

மோட்டார் அறை நோடுகளுக்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப் கொடுத்துவிட்டால் அதுவரை சமாளிக்கலாம். கிளாஸ் சி-யில் புது எஸ்.எக்ஸ். 1262 கேட்டுக்கொண்டிருக்க 5 மில்லிஆம்பியருக்குள்தான் ஆகும், சில மணி நேர மின்வெட்டுக்குச் சாதாரண செல் போதும். மோட்டார் ரிலேவை மட்டும் அந்த பேட்டரியில் கட்டிவிடாதீர்கள்.